முக்காலியும் நாற்காலியும்

1944-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள். அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. அறுவைக்கூடத்து மேடையிலே ஒரு குழந்தை. பிறந்து 15 திங்களே ஆன பிஞ்சு. இதயத்திலே பிறவிக் கோளாறு. குருதியிலே போதிய ஆக்சிஜன் ஏறவில்லை. உதடும் விரலும் நீலம் பாரித்துக் கிடக்கின்றன. நீலக் குழந்தை என்று பெயரிட்டிருந்தனர் மருத்துவர்கள். பெயர்தான் இருந்தது, மருத்துவம் இல்லை. சாவை எண்ணிக் காத்திருப்பது ஒன்றே அந்நாள்வரை வழி.

கத்தி ஏந்தி நிற்பவர் ஆல்பிரட் பிளேலாக். அறுவைத் துறையின் தலைவர், பேராசிரியர், வெள்ளையர். அவருக்குப் பின்னே, ஒரு முக்காலியின்மீது ஏறி நின்று, அவருடைய தோளுக்கு மேலாகப் பார்த்தபடி, எங்கே தைப்பது, எவ்வாறு தைப்பது என்று எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார் மற்றொருவர். பேராசிரியர் கேட்கிறார்; அவர் சொல்கிறார். பேராசிரியர் ஐயுறுகிறார், அவர் தெளிவிக்கிறார். கைக்குச் செல்லும் குருதிக்குழாய், நுரையீரலுக்குச் செல்லும் குழாயோடு இணைகிறது. பின்னாளில் உலகெங்கும் ஆயிரமாயிரம் நீலக் குழந்தைகள் செவ்வண்ணம் பெற்றுச் சிரித்தது, அன்று போட்ட தையலின் பயன்.

முக்காலிமேல் நின்றவர் யார்? விவியன் தாமஸ். கறுப்பர். மருத்துவப் பட்டம் இல்லாதவர். ஏன் இல்லை? அறிவு இல்லாமலா? ஆசை இல்லாமலா? இல்லை. தச்சு வேலை செய்து, கல்லூரிக்கென்று காசு காசாகச் சேர்த்து வைத்திருந்தார். 1930-இல் வங்கி முறிந்தது. அவருடைய கனவும் முறிந்தது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்திலே அதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்திருந்தார். செய்தது ஆராய்ச்சி, ஏட்டிலே எழுதப்பட்ட பதவியும் அளக்கப்பட்ட ஊதியமும் துப்புரவுப் பணியாளருக்கு உரியவை! ஏறத்தாழ 200 நாய்களிடம் ஆய்வு நடத்தி, நோயை உண்டாக்கிக் காட்டி, அதைத் தீர்க்கும் வழியையும் கண்டு, வேண்டிய கருவிகளையும் செப்பனிட்டுத் தந்தவர் அவர். அதே காலத்தில், ஊதியம் போதாமையால், அந்தப் பேராசிரியர் வீட்டு விருந்துகளிலே மதுக்கோப்பை நிரப்பும் வேலையும் அவர் பார்த்ததுண்டு.

இந்த அறுவையைச் செய்து பார்க்கலாமே என்ற எண்ணத்தை முதலில் எடுத்துரைத்தவர் மூன்றாமவர்; ஹெலன் டாசிக் என்னும் பெண் மருத்துவர். பெண்ணுக்கு மருத்துவப் பட்டம் தரமாட்டோம் என்று ஹார்வர்டு கதவடைத்திருந்த நாளிலே கல்வி கற்றவர்.

ஓர் அறுவை, மூன்று மூளைகள். பரிசு எவ்வாறு பங்கிடப்பட்டது? ஆணுக்கும் வெள்ளையருக்கும் உரியது அன்றே கிடைத்தது. பெண்ணுக்கு முழுப் பேராசிரியர் பதவி 1959-இல் கிடைத்தது. 15 ஆண்டுகள் பிந்தி! 1945-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையிலே பிளேலாக் பெயர் உண்டு, டாசிக் பெயர் உண்டு; தாமஸ் பெயர் இல்லை. டென்டன் கூலி போன்ற புகழ்மிக்க அறுவை வல்லுநர்களுக்குக் கைப்பழக்கம் கற்பித்த அந்த ஆசானை, ஆசிரியர் என்று ஹாப்கின்ஸ் ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? 1976-இல்! மதிப்புறு முனைவர் பட்டமும் ஆசிரியர் பதவியும் அவ்வாண்டுதான் வந்தன. அங்கே அவர் அடியெடுத்து வைத்தது 1941-இல். முக்காலியிலிருந்து நாற்காலிக்குச் செல்லும் தொலைவு எவ்வளவு? ஓரடி என்று நினைக்கிறோம். முப்பத்தைந்து ஆண்டு என்கிறது வரலாறு!

* * *

"ஏதோ ஒரு தனி மனிதரின் கதை, அதை வைத்து ஒரு நாட்டின் பல்கலைக்கழகங்களையே பழிக்கலாமா?" என்று கேட்பர் சிலர். தனிக் கதையா? மேலும் இரண்டைக் காட்டுவோம்.

எர்னஸ்ட் ஜஸ்ட். 1883-இல் பிறந்த கறுப்பர். உயிரணுவின் மேற்புறம் வெறும் உறையன்று, உயிர்ச் செயலின் களம் என்று ஆய்ந்து காட்டியவர். 1916-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பெரும் ஆய்வுக்கூடம் படைத்த வெள்ளையர் பல்கலைக்கழகம் ஒன்றேனும் அவருக்கு இடம் தந்ததா? இல்லை. கறுப்பருக்கான ஹோவர்டு பல்கலைக்கழகத்திலே, குறைந்த கருவியோடும் நிறைந்த பாடவேலையோடும் போராடினார். பெர்லினும் பாரிசும் அவரை அறிஞர் என்று அழைத்தன. பிறந்த நாடு அவரை நிறம் பார்த்து நிறுத்தி வைத்தது. 1941-இல் மறைந்தார்.

பெர்சி ஜூலியன். வியன்னாவிலே முனைவர் பட்டம் பெற்ற வேதியியல் அறிஞர். கண் நோய்க்குப் பயன்படும் பைசோஸ்டிக்மின் என்னும் மருந்துப் பொருளை 1935-இல் ஆய்வுக்கூடத்திலே உருவாக்கிக் காட்டியவர். அதைச் செய்த டீபா பல்கலைக்கழகத்திலேயே அவருக்கு ஆசிரியர் பதவி மறுக்கப்பட்டது. குற்றம்? கறுப்பராகப் பிறந்தது! பல்கலைக்கழகம் கைவிட்டவரை ஒரு வாணிக நிறுவனம் வரவேற்றது. கொள்கைக் கூடத்துக்கு இல்லாத கண், காசு எண்ணும் கூடத்துக்கு இருந்தது.

இவர்களுக்கு முன்பே கிணற்றின் ஊற்றுக்கண்ணே அடைக்கப்பட்டது. 1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி ஓர் அறிக்கை தந்தார். தரத்தை உயர்த்திய அறிக்கை என்று இன்றும் போற்றுவர். தரம் உயர்ந்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால், அப்போது கறுப்பருக்கென்றிருந்த 7 மருத்துவக் கல்லூரிகளில் 5 சில ஆண்டுகளில் மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே எஞ்சின. தரக்குறைவானதை உயர்த்த வழி தேடாமல் ஊற்றி மூடினார்கள். மூடியதற்கு ஈடாக வெள்ளையர் கல்லூரிகளின் கதவைத் திறந்தார்களா என்றால், அதுவும் இல்லை. பிறகு இரண்டு தலைமுறை கழித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏன் உங்களில் ஆராய்ச்சியாளரே காணோம்?" என்று கேட்கிறார்கள்!

"சரி, அது அந்தக் காலம். இப்போது சட்டம் மாறிவிட்டது, நெஞ்சம் மாறிவிட்டது, அறிவியலுக்கு நிறம் ஏது?" என்று அடுத்த அடி எடுத்து வைப்பர். நாமும் அதைத்தான் கேட்கிறோம்: அறிவியலுக்கு நிறம் ஏது? ஆனால் அறிவியலுக்குப் பணம் அளக்கும் கைக்கு நிறம் தெரிகிறதே!

அமெரிக்காவிலே மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் வழங்கும் பெரும் பண்டகசாலை, தேசிய சுகாதார நிறுவனம். ஆராய்ச்சியாளர் தம் திட்டத்தை எழுதி அனுப்புவார். அறிஞர் குழு மதிப்பெண் இடும். பணம் வரும், அல்லது வாராது. பணம் வந்தால் ஆய்வுக்கூடம் நடக்கும், பதவி நிலைக்கும். வாராவிட்டால் பேராசிரியர் வேலையே பறிபோகும். 2000 முதல் 2006 வரை வந்த விண்ணப்பங்களை ஆராய்ந்து, 2011-இல் 'சயின்ஸ்' ஏட்டிலே ஒரு கட்டுரை வந்தது. வெள்ளையரைவிடக் கறுப்பருக்குப் பணம் கிடைக்கும் வாய்ப்பு 13 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு. படிப்பின் வேற்றுமையா? பயிற்சியின் குறையா? முன்பு வெளியிட்ட கட்டுரைகளின் கணக்கா? வேலை செய்யும் பல்கலைக்கழகத்தின் பெருமையா? அத்தனையையும் கணக்கிலே கழித்துப் பார்த்தார்கள். கழித்த பிறகும் 10 புள்ளிகள் எஞ்சி நின்றன!

ஒரே படிப்பு, ஒரே பயிற்சி, ஒத்த உழைப்பு. ஆயினும் பத்துப் புள்ளிப் பள்ளம். தகுதியை எடை போடும் தராசு என்றார்களே, அந்தத் தராசின் தட்டிலே முன்னதாகவே ஒரு கல் கிடந்தது என்பதைத் தராசுக்காரர்களே எடுத்துக் காட்டிய கணக்கு இது. நாம் புனைந்ததன்று, பகைவர் புகன்றதுமன்று.

அந்தக் கல் எது? 2019-இல் வந்த மற்றோர் ஆய்வு ஒரு விடை தந்தது. பள்ளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல், ஆராய எடுத்துக்கொண்ட பொருளால் விளைந்ததாம். கறுப்பின ஆராய்ச்சியாளர் பலர், மக்கள் கூட்டத்தின் நலம், ஊருக்குள் நோய் பரவும் வகை, ஒரு சாராருக்கு மட்டும் நோய் மிகுவதன் காரணம் ஆகியவற்றை ஆராய முன்வருகின்றனர். அணுவையும் மூலக்கூற்றையும் ஆராய்வோருக்குக் கிடைக்கும் மதிப்பு அந்தப் பொருள்களுக்குக் கிடைப்பதில்லை. எது உயர்ந்த கேள்வி, எது தாழ்ந்த கேள்வி என்று தீர்மானிக்கும் இடத்திலே எவர் அமர்ந்திருக்கிறாரோ, அவருடைய நோயே உலக நோய். அவருடைய கேள்வியே உயர்ந்த கேள்வி. கேள்விக்கும் குலம் கற்பித்துவிட்டார்கள், தோழர்களே!

* * *

இதனால் இழப்பு யாருக்கு? பதவி கிடைக்காத பட்டதாரிக்கு மட்டுமா? அப்படித்தான் பலர் எண்ணுகின்றனர். சிலருக்கு வேலை தேடித் தரும் சலுகை என்றே இதைச் சித்திரிக்கின்றனர். நாம் சொல்வது வேறு. நாற்காலி மறுக்கப்பட்டவர் இழப்பது ஊதியம். நோயாளி இழப்பது உயிர்!

கொரோனாக் கொடுநோய்க் காலத்திலே நம் வீடுகளிலும் புகுந்த ஒரு சிறு கருவியை மறந்திருக்க மாட்டோம். விரல் நுனியைக் கௌவிப் பிடித்து, குருதியிலே ஆக்சிஜன் எவ்வளவு என்று எண் காட்டும் ஆக்சிமீட்டர். அது தோலின் ஊடே ஒளியைப் பாய்ச்சி அளப்பது. கருநிறத் தோலிலே அது தவறு செய்கிறது. இருப்பதைவிடக் கூட்டிக் காட்டுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மருத்துவமனையில் எடுத்த கணக்கு 2020-இல் வெளியாயிற்று. கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், குருதியையே எடுத்துச் சோதித்தபோது, உண்மை அளவு 88-க்கும் கீழே கிடந்தது வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பரில் 11.7 விழுக்காடு. மூன்று மடங்கு! "நலமாக இருக்கிறாய், வீட்டுக்குப் போ" என்று கருவி சொல்லும். வீட்டிலே மூச்சு நிற்கும். இப்பிழை புதிதாகக் கண்டதா? 1990-இலேயே ஆய்வேட்டிலே எச்சரிக்கை வந்தது. முப்பது ஆண்டுகள் அந்த எச்சரிக்கை தூங்கிற்று. தூங்கியது எதனால்? விழித்திருக்க வேண்டியவர்களின் விரலிலே கருவி சரியாக வேலை செய்தது, அதனால்!

சிறுநீரகத்தின் திறனைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. 2009-இல் வந்த வடிவத்திலே, நோயாளி கறுப்பர் என்றால் விடையை ஏறத்தாழ 16 விழுக்காடு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அதாவது, அதே குருதி, அதே அளவு. ஆனால் கறுப்பரின் சிறுநீரகம் நலமாக இருப்பதாகக் கணக்குச் சொல்லும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையிலே அவர் பிந்தி நிற்பார். 'இனம்' என்ற சமூகக் கற்பனையை உடலியல் சூத்திரத்துக்குள் நுழைத்தது எந்தப் பகுத்தறிவு? வனெசா கிரப்ஸ் போன்ற கறுப்பினச் சிறுநீரக மருத்துவர்களும், மருத்துவ மாணவர்களும் கேள்விமேல் கேள்வி எழுப்பினர். 2021-இல் அந்தப் பெருக்கல் நீக்கப்பட்டது. உள்ளே நுழைந்தவர்கள் கேட்டார்கள். வெளியே நின்றவர்கள் பிழைத்தார்கள். இதுதான் ஆசிரியர் கூட்டத்திலே பல்வேறு மக்கள் அமர வேண்டும் என்பதன் பொருள்.

அரிவாளணு நோய் என்று ஒன்று. குருதியணு அரிவாள்போல் வளைந்து, குழாயை அடைத்து, எலும்பெல்லாம் வலிக்கும் நோய். அமெரிக்காவிலே ஏறத்தாழ ஓர் இலட்சம் பேருக்கு உண்டு, பெரும்பாலோர் கறுப்பர். 1910-இல் மருத்துவ ஏட்டிலே வந்த நோய். மூலக்கூற்றுக் கோளாறால் விளைவது என்று 1949-இலேயே லைனஸ் பாலிங் குழுவினர் காட்டிய நோய். அதற்கு முதல் மருந்து அனுமதி பெற்றது 1998-இல், இரண்டாவது 2017-இல். வெள்ளையரிடம் மிகுந்து காணப்படும் நீர்மக்கட்டி நுரையீரல் நோய்க்கு, நோயாளி ஒருவருக்கு அரசு செலவிட்ட ஆராய்ச்சிப் பணம் இதைவிட மும்மடங்குக்குமேல் என்று 2020-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த நோயாளிக்குக் கொடுத்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. அவன் மூச்சும் மூச்சுத்தான். இவன் வலியும் வலிதானே என்கிறோம்!

கறுப்பர் ஒருவரை நாற்காலியில் அமர்த்தினால் மறுநாளே எல்லா நோயும் தீரும் என்று நாம் ஜாதகம் கணிக்கவில்லை. வெள்ளையரில் நல்லோர் இல்லை என்று சாபமிடவுமில்லை. நாம் சொல்வது எளிய உண்மை: தன் தாய் துடித்ததைப் பார்த்தவன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கேள்வி ஆய்வுக்கூடத்துக்குள் வர வேண்டுமானால், அவன் வர வேண்டும்.

* * *

"வரட்டுமே, யார் தடுத்தார்? தகுதியுள்ள ஆள்தான் கிடைக்கவில்லை!" என்பது அடுத்த பல்லவி.

ஆள் கிடைக்கவில்லையா, ஆள் தேடவில்லையா? மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்திலே 1988-இல் மேயர்ஹாப் உதவித் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் ஒருவர் ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி; 1963-இல் பர்மிங்ஹாம் நகரத்துச் சிறுவர் போராட்டத்திலே 12 வயதில் சிறை சென்ற கணித அறிஞர். அத்திட்டத்திலே மாயம் ஒன்றுமில்லை. கல்லூரி திறக்கும் முன்பே கோடைப் பயிற்சி. கூடிப் படிக்கும் பழக்கம். முதலாண்டு முதலே ஆய்வுக்கூடத்தில் கைவேலை. கைதூக்கிவிட ஒரு மூத்தவர். கட்டணக் கவலையில்லாமல் படிக்கப் பணம். இவ்வளவே. அதிலே படித்து வந்தவர் கிஸ்மெக்கியா கார்பெட் என்னும் கறுப்பினப் பெண். 2020-இல் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலே, பார்னி கிரகாம் என்ற வெள்ளையின அறிஞரோடு சேர்ந்து, கொரோனாத் தடுப்பூசிகளில் ஒன்றான மாடர்னா ஊசிக்கு அடிப்படை வகுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் எவரேனும், "இதை உருவாக்கியதில் உதவித் திட்டத்தில் படித்தவர் கை இருக்கிறது, தகுதி கெட்டிருக்கும், எனக்கு வேண்டாம்" என்று கையை இழுத்துக்கொண்டாரா?

ஆக, ஆளைத் தேடலாம், ஆக்கலாம். ஆனால் தேடிக் கொண்டுவந்து அமர்த்திவிட்டால் வேலை முடிந்ததா? இங்கேதான் நல்லெண்ணம் கொண்டோரும் தவறு செய்கின்றனர்.

புதிதாகப் பதவியேற்கும் ஓர் ஆராய்ச்சிப் பேராசிரியரை எண்ணிப் பாருங்கள். கருவி வாங்கத் தொடக்கப் பணம் வேண்டும். ஆய்வு நடத்தப் பாடவேலையற்ற நேரம் வேண்டும். மானிய விண்ணப்பத்தைத் திருத்திச் சொல்ல ஒரு மூத்தவர் வேண்டும். சில ஆண்டுகளுக்குள் பணமும் கட்டுரையும் சேர்த்துக் காட்டினால் நிலையான பதவி, காட்டாவிட்டால் வெளியேற்றம். துறைக்கு ஒருவராகத் தனித்து வந்தவர் நிலை என்ன? விருந்திலே, நடைவழியிலே, மன்றத்திலே மூத்தவர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் நுணுக்கம் அவர் செவிக்கு எட்டாது. வேலை மட்டும் எட்டும்! பன்முகக் குழு கூடுகிறதா? அவரைக் கூப்பிடு. கறுப்பின மாணவர் அழுகிறாரா? அவரிடம் அனுப்பு. விளம்பரப் படம் எடுக்க வேண்டுமா? அவரை முன்வரிசையில் நிறுத்து. இத்தனையையும் செய்து முடிப்பார். பதவி உயர்வுக் குழு கூடும். "கட்டுரை குறைவாக இருக்கிறதே" என்று உதடு பிதுக்கும். படத்துக்கு வேண்டியிருந்தவர் பதவிக்கு வேண்டாதவராகிவிடுவார். அழைத்துவந்து பட்டினி போடுவதற்கு விருந்தோம்பல் என்றா பெயர்?

இந்த உண்மையை உணர்ந்து உருவானதே தேசிய சுகாதார நிறுவனத்தின் 'ஃபர்ஸ்ட்' என்னும் திட்டம். ஒன்பது ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 24 கோடி டாலர் என்று வகுத்து, 2021-இல் முதல் மானியங்களை வழங்கினர். ஒருவரைத் தனியே அமர்த்தாமல், இளம் ஆசிரியர்களைக் கூட்டமாக ஒரே வேளையில் அமர்த்துவது. அவர்களுக்கு வழிகாட்டியும் நேரமும் பொருளும் தருவது. பல்கலைக்கழகமே தன் பழக்கத்தை மாற்றிக்கொள்வது. இதிலே இனம் கேட்டு இடம் ஒதுக்கும் விதி இருக்கவில்லை. எல்லாரையும் அரவணைத்து ஆராய்ச்சி நடத்தும் ஈடுபாட்டைக் காட்டுக என்பதே நிபந்தனையாக இருந்தது. அதுகூடப் பொறுக்கவில்லை ஆதிக்க மனத்துக்கு!

2025 ஜனவரியில் மீண்டும் ஆட்சிக்கு வந்த டிரம்ப், முதல் இரண்டு நாள்களிலேயே ஆணைகள் பிறப்பித்தார்: அரசுத் துறைகளில் பன்முகத் திட்டங்கள் யாவும் ஒழிக! சட்டத்தின் முன் சமத்துவம் என்பதே காரணமாம். அடுத்த சில திங்களில் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மானியங்கள் நூற்றுக்கணக்கில் வெட்டப்பட்டன. கறுப்பர் நலம், பழங்குடியினர் நலம், பெண்கள் நலம், பால் சிறுபான்மையினர் நலம் பற்றிய ஆய்வுகள் பாதியிலே நின்றன. ஜூன் 16-ஆம் நாள் பாஸ்டன் நகரத்துக் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் யங், இவ்வெட்டு சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தார். நாற்பதாண்டு நீதிப் பணியில் அரசே இத்தகைய இனப் பாகுபாடு காட்டக் கண்டதில்லை என்று வருந்தினார். அவரை அமர்த்தியவர் பழமைவாதிகளின் தலைவராம் ரீகன்! ஆகஸ்ட் 21-இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், மானியங்களை நிறுத்தி வைக்க இடம் தந்தது. அறிவியலின் வரவு செலவு அரசியலின் கத்திமுனையிலே தொங்கிற்று.

* * *

"அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு?" என்று எவரும் கேட்க வேண்டாம். நமக்கு உறவுண்டு; கடனும் உண்டு.

இன்று அமெரிக்க ஆய்வுக்கூடங்களிலே நம் நாட்டு இளைஞர்கள் ஏராளம். தமிழ்நாட்டுச் சிற்றூரிலிருந்து சென்ற பெண் ஒருத்தி பாஸ்டனில் புற்றுநோய் ஆய்வு நடத்துவதில் வியப்பில்லை. அந்தக் கதவு எப்போது திறந்தது? 1923-இல் பகத் சிங் திந்த் என்பவரின் அமெரிக்கக் குடியுரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. "நான் உயர்சாதி, ஆரியன், ஆகவே வெள்ளையன்" என்பது அவர் வாதத்தின் சாரம். வெள்ளையர் நீதிமன்றம் அந்த உயர்சாதிச் சான்றிதழைத் தூக்கி எறிந்தது! 1946-இல் ஆண்டுக்கு 100 இந்தியர் வரலாம் என்று ஒரு பிச்சைக் கணக்கு வந்தது. 1965-இலேதான் நாடு பார்த்து ஆள் எண்ணும் அச்சட்டம் வீழ்ந்தது. வீழ்த்திய காற்று எங்கிருந்து வீசிற்று? பர்மிங்ஹாம் தெருவிலே நாய்க்கடியும் தண்ணீர் அடியும் பட்டு, சிறை நிரப்பிய கறுப்பின மக்களின் உரிமைப் போரிலிருந்து. ஆரியப் பெருமை பேசித் திறக்காத கதவு, அடிபட்டவர் தோள் முட்டித் திறந்தது. அதன் வழியே உள்ளே சென்று, வெள்ளை அங்கி அணிந்து, ஆய்வுக்கூடத்தில் அமர்ந்த பிறகு, "நாங்கள் தகுதியால் வந்தோம், இவர்களுக்கு எதற்குத் திட்டம்?" என்று பேசும் நம்மவர் சிலரும் உளர். ஏணியில் ஏறியவன் ஏணியைப் பழிக்கலாமா?

அந்தப் பேச்சு அவர்கள் அங்கே கற்றதன்று. இங்கிருந்தே எடுத்துச் சென்றது. 1951-இல், மருத்துவக் கல்லூரி இடத்தை முன்னிறுத்திச் செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கிலேதான் வகுப்புவாரி ஆணை உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது, தமிழகம் கிளர்ந்தெழுந்தது, அரசமைப்புச் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. மாணவர் இடத்துக்கான வழக்கு அது. ஆசிரியர் நாற்காலி? மைய அரசின் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பதவிக்கு இடஒதுக்கீடு தரும் சட்டம் 2019-இல் வந்தது. நல்ல சட்டந்தான். அதன் அட்டவணையைப் புரட்டுங்கள். இந்த நிறுவனங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று ஒரு பட்டியல். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் அதிலே உண்டு. மும்பையின் டாடா நினைவுப் புற்றுநோய் மையம் உண்டு. மேன்மை மிகு நிறுவனங்களாம்! மேன்மை எங்கே தொடங்குகிறதோ, அங்கே நம் மக்கள் நின்றுவிட வேண்டும் என்பதுதானே அதன் உட்பொருள்? புற்று யாரைப் பிடிப்பது என்று அட்டவணை பார்ப்பதில்லை. அதை ஆராய்பவரை அமர்த்த மட்டும் அட்டவணை பார்க்கிறார்கள்!

நாம் கேட்பது சலுகையன்று, தருமமுமன்று. தராசிலே கிடக்கும் கல்லை எடு என்கிறோம். ஆள் இல்லை என்று கைவிரிக்காதே, ஆளை ஆக்கு என்கிறோம். அமர்த்தியவரைத் தனியே விடாதே. கருவி கொடு, காலம் கொடு, வழிகாட்டியைக் கொடு, அவர் சுமக்கும் பொதுப்பணியையும் பணியென்றே கணக்கில் எழுது என்கிறோம். எவருக்கு எத்தனை நாற்காலி கிடைத்தது என்பதை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிடு என்கிறோம். மறைக்க ஒன்றுமில்லாதவனுக்குக் கணக்குக் காட்ட அச்சமென்ன?

தோழர்களே! ஆய்வுக்கூடத்தை எட்ட நின்று வணங்க வேண்டிய கருவறை என்று கருதாதீர்கள். கருவறைக்குள் எவர் நுழையலாம் என்று கேட்ட நாம், ஆய்வறைக்குள் எவர் நுழையலாம் என்றும் கேட்டாக வேண்டும். படிக்கச் செல்லும் தம்பி, தங்கையரிடம் சொல்லுங்கள்: பட்டம் பெறுவதோடு நில்லாதே, ஆராய்ச்சிக்குச் செல், ஆசிரியர் நாற்காலியைக் கேள், கிடைத்ததும் அடுத்தவருக்கு இடம் கொடு.

விவியன் தாமஸ் முக்காலியின்மேல் நின்று ஒரு குழந்தையின் மூச்சுக்கு வழி சொன்னார். அவருக்குரிய நாற்காலியை உலகம் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒளித்து வைத்தது. அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் எத்தனை? கண்டிருக்கக்கூடிய மருந்துகள் எத்தனை? நடத்தியிருக்கக்கூடிய ஆய்வுகள் எத்தனை? அந்தக் கணக்கை எந்த ஏடும் எழுதவில்லை. இனியொரு விவியன் தாமஸ் முக்காலியிலே நிற்கலாகாது. நாற்காலியை இழுத்துப் போடுங்கள், அமரச் செய்யுங்கள், அமர்ந்தவர் ஆராயட்டும்!